காசநோய் மாத்திரையோடு அமுக்கரா, சீந்தில் பொடி கொடுக்கலாமா?

மேலூர் மருமகள்:

வணக்கம். என் மாமனாருக்கு நுரையீரல் காசநோய். மேலூர்ப் பக்கம் கல் குவாரியில் துளை போடும் வேலை பார்த்தவர். நெடுநாளாக இருமிக்கொண்டிருந்தார். தூசு, பீடி என்று ஏதோ காரணம் சொல்லியே தள்ளிப்போட்டார். சளியில் இரத்தம் கண்ட பிறகுதான் அரசு மருத்துவமனைக்கு வரச் சம்மதித்தார். இப்போது எடை 41 கிலோ. தினமும் காலையில் மூன்று மாத்திரைகளை ஒன்றாக விழுங்க வேண்டும். இரண்டாவது மாதம் ஓடுகிறது.

இருமல் குறைந்திருக்கிறது. ஆனால் மாத்திரை உள்ளே போனதும் குமட்டல். வாய் கசக்கிறது என்று சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைப் பார்த்து அத்தை பயந்துவிட்டார். மாத்திரைச் சூடு ஈரலை உருக்குகிறது என்பது அவர் கட்சி. தோப்பூர் காசநோய் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வையுங்கள் என்று நாத்தனார் ஒரு பக்கம் சொல்கிறார்.

இதற்கிடையில் சின்ன மாமனார் சதுரகிரி அடிவாரத்தில் ஒரு வைத்தியரிடம் மூன்று பொட்டலங்கள் வாங்கி வந்திருக்கிறார். ஒன்று அமுக்கராப் பொடி, ஒன்று சீந்தில் பொடி, மூன்றாவது செங்கல் நிறத்தில் ஏதோ செந்தூரம். அதில் பெயர் எழுதவில்லை. ஒரு மண்டலம் தேனில் குழைத்துக் கொடுக்க வேண்டுமாம். முட்டை, மீன், கறி, தயிர், புளி எதுவும் ஆகாதாம். மாத்திரையை நிறுத்திவிட்டால் இன்னும் நல்லதாம். மாத்திரையை நிறுத்த நானும் என் கணவரும் விடமாட்டோம். ஆனால் கூடவே கொடுத்தால் என்ன, உடம்பு தேறுமே என்று எல்லோரும் கேட்கும்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மாமா சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்.

இன்னொன்று. நோய் தொற்றக் கூடாது என்று அத்தை ஆடாதோடை இலையைக் கஷாயம் வைத்துக் காலையில் எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் தருகிறார். எனக்கு ஐந்தாம் மாதம். அந்தக் கசப்பில் வயிற்றைப் புரட்டுகிறது. எனக்கு மட்டும் அளவைக் குறைத்துக் குடிக்கலாமா?

யானைமலை:

சகோதரி, கவலையே வேண்டாம். அமுக்கரா உடம்பைத் தேற்றும், சீந்தில் எதிர்ப்புசக்தி கொடுக்கும். இரண்டும் நம் சித்தர்கள் சொன்னவை. இயற்கைப் பொருளுக்குப் பக்கவிளைவு கிடையாது. எங்கள் ஒத்தக்கடையில் எனக்குத் தெரிந்த ஒருவர் மாத்திரையோடு சேர்த்து அமுக்கரா சாப்பிட்டு நன்றாகவே எழுந்துவிட்டார். மாத்திரைக்கும் பொடிக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டுக் கொடுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம்.

கீழமாசி வீதிக் கடைக்காரர்:

அம்மா, நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் கேட்டதைத்தான் நான் முதலில் எடுப்பேன். ஐந்து மாத வயிற்றோடு ஆடாதோடைக் கஷாயம் குடிக்கக் கூடாது. அளவைக் குறைத்தும் வேண்டாம். இன்றோடு நிறுத்துங்கள். அந்த இலைக்குக் கருப்பையைச் சுருங்க வைக்கும் குணம் உண்டு. எங்கள் நாட்டுமருந்துக் கடையில் ஆடாதோடை கேட்டு வருபவரிடம், வீட்டில் முழுகாமல் இருப்பவர்கள் யாராவது உண்டா என்று விசாரிக்காமல் என் தகப்பனார் பொட்டலம் மடித்ததில்லை. நானும் அப்படித்தான். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது இதுவரை குடித்ததைச் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். வயிற்று வலியோ உதிரப்போக்கோ தெரிந்தால் பரிசோதனை நாள்வரை காத்திருக்காமல் அன்றே போங்கள். அத்தை வருத்தப்பட்டால் கடைக்காரன் சொன்னான் என்று பழியை என் தலையில் போடுங்கள். காசநோய் தொற்றாமல் தடுக்கும் வல்லமை அந்தக் கஷாயத்துக்கு இல்லை. ஆக, மற்றவர்கள் குடிப்பதாலும் பயன் ஒன்றும் இல்லை.

ஆடாதோடையை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். சளியை இளக்குவதில் அது கெட்டிக்கார இலை. அதிலுள்ள வாசிசின் என்ற சத்திலிருந்து கிளைத்ததுதான் புரோம்ஹெக்சின் என்ற இருமல் மருந்து. இன்று எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் அம்ப்ராக்சால் அதன் வாரிசு. இப்படி வேலை செய்கிற பொருள் என்பதால்தான் ஆளைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்கிறேன். விளைவு உள்ள பொருளுக்குப் பக்கவிளைவு மட்டும் எப்படி இல்லாமல் போகும், யானைமலைத் தம்பி?

இனி மாமாவைப் பற்றி. அவர் விழுங்கும் மாத்திரைக்குள் நான்கு மருந்துகள் சேர்ந்திருக்கின்றன. ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட், எத்தாம்புட்டால். முதல் மூன்றும் ஈரலைச் சோதிக்கக் கூடியவை. பெரும்பாலானவர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். சிலருக்கு மஞ்சள் காமாலை வருகிறது. அப்படி வந்தால் மருத்துவர் மருந்தை நிறுத்தி, ஈரல் தேறியதும் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்து, கெடுத்தது எது என்று பார்ப்பார். அந்த நேரத்தில் உங்கள் மூன்று பொட்டலங்களும் உள்ளே போயிருந்தால் அவர் எதைச் சந்தேகப்படுவார்? ஒரு வீட்டுச் சாவி ஏழு பேரிடம் இருந்தால், களவு போன அன்று யாரைப் பிடிப்பது? நான் கூடாது என்பதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டு மணி நேர இடைவெளி விடுவதால் இது தீராது. ஈரலுக்கு மணி பார்க்கத் தெரியாது.

சீந்தில் ஈரலைக் கெடுக்குமா என்று கேட்பீர்கள். கொரோனாக் காலத்தில் எதிர்ப்புசக்திக்கு என்று அதை அள்ளிக் குடித்த சிலருக்கு ஈரல் பாதித்ததாக 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அவர்கள் சரியான கொடிதானா என்று உறுதிசெய்யவில்லை, அதே இனத்து வேறு கொடியாக இருக்கலாம் என்றது. இருக்கட்டும். கொடியை மாற்றிக் கொண்டுவந்து கடை வாசலில் இறக்கப் பார்ப்பவர்களை அடிக்கடி காண்கிற எனக்கு அந்த வாதம் பயத்தைக் கூட்டுகிறதே தவிரக் குறைக்கவில்லை. கொடியாக இருந்தால் தோலைக் கீறிப் பார்க்கலாம், இலையைப் பார்க்கலாம். பொடியாகிவிட்டால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது.

அமுக்கராவும் அதே கதைதான். நல்ல கிழங்கை ஒடித்தால் நார் இழுக்காமல் சட்டென்று ஒடியும். வெளியே சாம்பல் பாய்ந்த மஞ்சளாகவும் உள்ளே மாவுபோல வெள்ளையாகவும் இருக்கும். மூக்கருகே வைத்தால் குதிரை லாய வாடை லேசாக வரும். நாள்பட்ட கிழங்கில் ஊசி முனை அளவுக்கு வண்டு துளைத்த ஓட்டைகள் தெரியும், மேசையில் தட்டினால் தூள் கொட்டும். அதை யாரும் முழுக் கிழங்காக விற்க முடியாது என்பதால் அது நேராக அரைவைக்குப் போகும். சூரணத்துக்கு எடுக்கும் முன் பாலில் பிட்டவியலாக, அதாவது பால் ஆவியில் பிட்டுபோல அவித்துச் சுத்தி செய்ய வேண்டும் என்பது முறை. செய்தார்களா என்று பொட்டலத்தைப் பார்த்துச் சொல்ல என்னாலும் முடியாது. அமுக்கரா சாப்பிட்டு ஈரல் பாதித்தவர்களைப் பற்றியும் பல நாடுகளில் ஆங்கில மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அது நல்ல மருந்துதான், நானே விற்கிறேன். மாமாவுக்கு மட்டும் மாத்திரைக் கணக்கு முடியட்டும்.

அந்தச் செங்கல் நிறப் பொட்டலத்தை வீட்டில் வைத்திருக்கவே வேண்டாம். இரும்பைப் புடமிட்ட அயச்செந்தூரமும் சிவப்பு, பாதரசம் கலந்த லிங்கச் செந்தூரமும் சிவப்பு. உரிமம் பெற்றுச் செய்த மருந்தில் உரிம எண், தொகுதி எண், செய்த நாள், சேர்ந்த சரக்குகள் எல்லாம் அச்சடித்திருக்கும். செய்தித்தாளில் மடித்து வருவது எவ்வளவு பெரிய வைத்தியர் கையால் வந்தாலும் எனக்கு அது வெறும் தூள்.

மிளகு, திப்பிலி பற்றியும் ஒரு வார்த்தை. ரசத்தில் போடுகிற மிளகால் எதுவும் வராது. ஆனால் திரிகடுகுச் சூரணத்தைத் தேக்கரண்டிக் கணக்கில் சாப்பிடுவது வேறு. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், ரிஃபாம்பிசினை இரத்தத்தில் கூடுதலாக ஏற்றிவிடும். இதைக் கண்டுகொண்டு, 450 மில்லிகிராம் ரிஃபாம்பிசினுக்குப் பதில் 200 மில்லிகிராம் மட்டும் வைத்து, 10 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்து ஜம்முவில் உள்ள அரசு ஆய்வுக்கூடம் ஒரு மாத்திரையே உருவாக்கியது. அவர்கள் அளந்து செய்தார்கள். நாம் கரண்டியால் அள்ளிப் போட்டால் யார் அளப்பது?

அப்படியானால் என்னதான் செய்வது? மருந்துப் பெட்டியை மூடிவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். வாய்க் கசப்புக்கு மணத்தக்காளி வற்றலை நெய்யில் பொரித்து, சூடான சோற்றில் நொறுக்கிப் பிசைந்து இரண்டு உருண்டை கொடுத்துப் பாருங்கள். பிரண்டைத் துவையல், பழைய நார்த்தங்காய் ஊறுகாயில் ஒரு கீற்று, சீரகத் தண்ணீர், இவையெல்லாம் நாக்கைத் திருப்பும். தூதுவளை கிடைத்தால் ரசம் வையுங்கள். இலையின் அடியில் நடு நரம்போடு வளைந்த முள் இருக்கும். காம்பைப் பிடித்துக்கொண்டு கத்தரிக்கோலால் நரம்பு ஓரமாக நறுக்கினால் முள் கையில் நின்றுவிடும், இலை மட்டும் தட்டில் விழும். சிறிது நெய்யில் நிறம் மாறும்வரை வதக்கி, மிளகு சீரகத்தோடு நசுக்கி, பருப்புத் தண்ணீரில் கொதிக்க விடுங்கள். பருப்பு முக்கியம். ஒரு பிடி இலைக்கு மேல் வேண்டாம். கீரையை அளவாகச் சாப்பிடும்வரை அது சாப்பாடு, காய்ச்சி வற்ற வைத்துக் கிண்ணம் கிண்ணமாகக் குடித்தால் மருந்தாகிவிடும். லேகியம், மணப்பாகு எதையும் சர்க்கரை உள்ளவருக்கு வாங்காதீர்கள், அதில் பாதி வெல்லமும் தேனும்தான்.

பத்தியம் என்று முட்டையையும் கறியையும் நிறுத்தச் சொன்ன அந்த மனிதர் என் முன்னால் இருந்தால் நான் பேசும் பேச்சே வேறாக இருக்கும். நாற்பத்தோரு கிலோ ஆளிடமிருந்து எதைக் குறைக்கப் போகிறார்? நெஞ்செலும்புச் சாறு கொடுங்கள், முட்டை கொடுங்கள், நிலக்கடலையை அவித்துக் கொடுங்கள், கெட்டித் தயிர் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலி, திருமங்கலம்:

கடைக்காரர் அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். காசநோய்ப் பிரிவில் வேலை பார்த்தவள் என்ற முறையில் சில செய்திகள்.

சிறுநீர் செம்மஞ்சளாவது ரிஃபாம்பிசினின் நிறம். கண்ணீரும் வியர்வையும்கூட நிறம் மாறலாம். பயம் இல்லை. பயப்பட வேண்டியவை வேறு. கண் வெள்ளை மஞ்சளாவது, நிற்காத வாந்தி, வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்துக்குப் போவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைய மாத்திரையைப் போடாமல், மாத்திரை அட்டையோடு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பார்வை மங்கினாலோ சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ எத்தாம்புட்டாலாக இருக்கலாம். கால் எரிச்சல், மதமதப்பு என்றால் ஐசோனியசிட், அதற்கு பி6 விட்டமின் தருவார்கள். குமட்டலுக்காக மாத்திரையைப் பிரித்துப் பிரித்துப் போடாதீர்கள். கொஞ்சம் இட்லி சாப்பிட்ட பிறகு போடலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். அல்சர் மருந்து என்று கடையில் கிடைக்கும் வெள்ளைத் திரவத்தை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம், சிலவற்றிலுள்ள அலுமினியம் ஐசோனியசிட்டை உடம்பில் சேரவிடாது.

ரிஃபாம்பிசின் சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தையும் குறைத்துவிடும். அதனால் மாமாவுக்கு இரத்தச் சர்க்கரையை இப்போதே ஒரு முறை பாருங்கள். இரண்டு மாத முடிவில் சளிப் பரிசோதனை உண்டு. அதன் பிறகு நான்கு மாதம் பைராசினமைட் இல்லாமல் மற்ற மூன்றும் தொடரும். குவாரியில் துளை போட்டவர் என்பதை மருத்துவரிடம் சொன்னீர்களா? சிலிக்கா தூசு படிந்த நுரையீரலில் காசநோய் எளிதாகக் குடியேறும். எக்ஸ்ரேயை அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

மீன் கொடுக்கலாம். சூரை மீனும் மாசிக் கருவாடும் மட்டும் வேண்டாம். ஐசோனியசிட் சாப்பிடுபவருக்கு அவற்றால் முகம் சிவந்து, தலைவலியும் படபடப்பும் வரும். இலங்கை மருத்துவர்கள் இதை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்கள்.

உணவு விஷயத்தில் அண்ணனின் கோபம் நியாயமானது. ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வு 2023-ல் வெளிவந்தது. நோயாளிக்கு மாதம் 10 கிலோ உணவுப் பை, அதில் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய். முதல் இரண்டு மாதங்களில் எடை ஏறியவர்களிடம் இறப்பு வெகுவாகக் குறைந்தது. குடும்பத்தாருக்கும் உணவு கொடுத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. உங்கள் அத்தை தேடும் தடுப்பு ஆடாதோடை டம்ளரில் இல்லை, சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது. அரசு தரும் நிக்‌ஷய் போஷன் உதவித்தொகை 2018-லிருந்து மாதம் 500 ரூபாயாக இருந்தது, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். மாமாவின் வங்கிக் கணக்கில் வந்துவிட்டதா என்று பாருங்கள். வராவிட்டால் சுகாதாரப் பணியாளரைக் கேட்டே ஆக வேண்டும், அது சலுகை இல்லை.

வீட்டில் உள்ள எல்லோருக்கும் பரிசோதனை வேண்டும். நீங்கள் போகும்போது கர்ப்பம் என்பதை எக்ஸ்ரே அறை வாசலிலேயே சொல்லுங்கள். தோப்பூருக்குக் கொண்டுபோகச் சொல்கிற நாத்தனாருக்கு ஒரு செய்தி. சானடோரியத்தில் படுத்திருப்பவரைப் போலவே வீட்டிலிருந்து மாத்திரை சாப்பிடுபவரும் குணமாவார் என்று உலகத்துக்குக் காட்டியதே 1950-களின் கடைசியில் சென்னையில் நடந்த ஆய்வுதான். மூச்சு முட்டுகிறது, எழுந்து நடக்க முடியவில்லை என்றால் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் வீடே போதும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

யானைமலை:

கடைக்காரரே, நீங்களே அமுக்கராவை விற்றுக்கொண்டு வாங்காதே என்கிறீர்கள். வியாபாரம் எப்படி நடக்கிறது? நான் சொன்னவர் இன்றும் நன்றாகத்தானே இருக்கிறார்.

கீழமாசி வீதிக் கடைக்காரர்:

நன்றாக இருக்கட்டும், தம்பி. அவரை எழுப்பியது மாத்திரையா, அமுக்கராவா என்பதை நீங்கள் எப்படிப் பிரித்தீர்கள்? வியாபாரத்துக்குக் குறைவில்லை. மதுரையில் சீயக்காயும் சுக்கும் இருக்கும்வரை என் கடைக்குப் பூட்டு விழாது.

மேலூர் மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. கஷாயத்தை விட்டுவிட்டேன். கர்ப்பிணிப் பரிசோதனையில் சொன்னேன், குழந்தை நன்றாக இருக்கிறது என்றார்கள். மாமாவுக்கு ஈரல் பரிசோதனை எடுத்தார்கள், மாத்திரையைத் தொடரச் சொல்லிவிட்டார்கள். இட்லிக்குப் பிறகு போடுவதால் குமட்டல் கொஞ்சம் தணிந்திருக்கிறது. சர்க்கரை ஏறியிருந்தது, அந்த மருந்தை மாற்றினார்கள். குவாரி வேலையைச் சொன்னதும் மருத்துவர் எக்ஸ்ரேயை மறுபடி விளக்கில் வைத்துப் பார்த்தார். சின்ன மாமனார்தான் முகம் கொடுத்துப் பேசவில்லை. பொட்டலங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

மணத்தக்காளி வற்றல் வேலை செய்கிறது. அத்தை இப்போது கீழாநெல்லியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஈரலைக் காப்பாற்ற முன்கூட்டியே அரைத்து மோரில் கலந்து கொடுத்தால் என்ன என்கிறார். வேலியில் படர்ந்திருக்கும் முசுமுசுக்கையை அடையில் போடலாமா என்றும் கேட்கச் சொன்னார்.

கீழமாசி வீதிக் கடைக்காரர்:

முசுமுசுக்கை தாராளமாகப் போடலாம். பச்சரிசியும் துவரம்பருப்பும் ஊறவைத்து, கொரகொரப்பாக அரைக்கும்போது ஒரு கைப்பிடி இளம் இலையைச் சேருங்கள். இலையில் சுனை இருக்கும், நன்றாக அரைபட வேண்டும். அடை மெத்தென்று இருக்கட்டும், மேலே ஒரு முட்டையை உடைத்து ஊற்றினால் மாமாவுக்கு இரட்டை லாபம்.

கீழாநெல்லி வேண்டாம். முன்கூட்டியே கொடுத்தால் மாத்திரையிலிருந்து ஈரலைக் காக்கும் என்பதற்கு நம்பக்கூடிய ஆதாரம் இல்லை. அதைவிட எனக்குள்ள பயம் வேறு. நம் ஊரில் கண் மஞ்சளானால் கை தானாகக் கீழாநெல்லியைத் தேடிப் போகும். மாமாவுக்குக் கண் மஞ்சளாகி, அத்தை வீட்டிலேயே அரைத்துக் கொடுத்துப் பார்ப்போம் என்று நாளைக் கடத்தினால், அதற்குள் ஈரல் கைமீறிப் போய்விடும். செவிலியம்மா எழுதிய அடையாளங்களை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, மாத்திரை வைக்கும் அலமாரிக் கதவில் ஒட்டிவையுங்கள். அத்தைக்குப் படிக்க வராவிட்டால் ஒருமுறை வாசித்துக் காட்டிவிடுங்கள். மாத்திரைக் கணக்கு முடிந்த பிறகு அமுக்கரா வேண்டும் என்றால், அரசு மருத்துவமனையிலேயே சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது, பழைய சீட்டுகளைக் காட்டி அவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டு கடைக்கு வாருங்கள். கிழங்கை உங்கள் முன்னால் ஒடித்துக் காட்டித்தான் கட்டுவேன்.